தோட்டத்தில் உழைத்த மோட்டார்: துருவை எடுப்பதும் இரும்பை மீட்பதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் இளைஞர் ஒருவர், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற தம் மாமாவிடமிருந்து 97 சிசி ஹோண்டா இ.எக்ஸ். 5 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். எஞ்சின் நன்றாக ஓடுகிறதாம். ஆனால் ரிம், பின்பக்கக் கேரியர், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், புகை வெளியேறும் எக்சோஸ் குழாய், பெட்ரோல் டாங்கியின் உட்புறம் என்று எங்கு பார்த்தாலும் துரு. எல்லாவற்றையும் கழற்றி ஆசிட்டில் ஊறப்போட்டு எடுத்துச் சாயம் அடித்துவிட்டால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது, அந்த முறையில் இறங்கினால் நல்ல பாகங்கள் சிலவற்றையும் இழந்துவிடுவீர்கள். இரும்பிலிருந்து துருவை எடுப்பது எளிய வேலைதான். எடுத்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தில் அந்த இரும்பை என்ன செய்கிறோம் என்பதில்தான் நம் ஊர்த் தட்பவெப்பத்தில் பலர் தோற்றுப்போகிறார்கள். அதற்கும் முன்பாக, இந்த மோட்டார் என்ன வேலை செய்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வாசலில் நின்று மழையில் நனைந்த மோட்டாரின் துருவும், தோட்டத்தில் சுமை சுமந்த மோட்டாரின் துருவும் ஒன்றல்ல.

பால்மரத் தோட்டத்தில் பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலம் சேர்ப்பார்கள் என்பது உங்கள் மாமாவுக்குத் தெரியாததில்லை. கட்டிப்பாலை மூட்டையாகக் கட்டிக் கேரியரில் ஏற்றினால், அதிலிருந்து கசியும் புளிப்புத் தண்ணீர் கேரியரின் கம்பி வழியே இறங்கி, பின் மட்கார்டின் விளிம்பிலும் ஸ்விங் ஆர்மின் மேல்முகத்திலும் தேங்கும். ஆண்டுக்கணக்கில் அப்படித் தேங்கிய இடங்களில் குரோம் பூச்சு முதலில் பொரிந்து, பிறகு செதிலாக உரிந்திருப்பதைக் காண்பீர்கள். மோட்டார் பின்னாளில் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு மாறி உரமூட்டை சுமந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பொட்டாஷ் உரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு உப்பு இரும்பின் மேற்பரப்பைச் சமமாக அரிக்காமல், ஊசி குத்தியதுபோல் ஆழமான குழிகளைப் போடும். அந்தக் குழிகளின் அடியில் உப்பு ஒளிந்திருக்கும்வரை, மேலே எவ்வளவு விலையுயர்ந்த சாயத்தைப் பூசினாலும் சில மாதங்களில் அது கொப்புளித்துக் கிளம்பிவிடும்.

ஆகவே முதல் வேலைக்குத் தேவை தண்ணீரும் பிரஷும்தான். உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன், பாகங்களைக் கழற்றிச் சோப்புத் தூள் கரைத்த வெந்நீரில் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த துருவைத் தேய்த்தால் உப்பைக் குழிக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தவர்களாவோம். துருவை எடுத்து முடித்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. சுத்தமாக்கிய ஸ்விங் ஆர்மின் ஒரு பகுதியை ஈரத்துணியால் துடைத்து, சாயம் பூசாமல் ஓர் இரவு கொட்டகையில் வைத்துவிடுங்கள். காலையில் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய மஞ்சள் பூத்திருந்தால் அது வெறும் ஈரத்தின் வேலை. சில குழிகள் மட்டும் மிளகு தூவியதுபோல் கறுத்து, அவற்றைச் சுற்றித் துளி துளியாக ஈரம் கோத்திருந்தால், அங்கே உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள்; மீண்டும் வெந்நீர், மீண்டும் பிரஷ்.

பேட்டரிப் பெட்டியின் கீழ்ப்பகுதியையும் தவறாமல் பாருங்கள். பழைய வகைப் பேட்டரியின் மூச்சுக் குழாய் கழன்றிருந்தால், கந்தக அமிலம் நேராக மோட்டாரின் சட்டத்தின் (ஃபிரேம்) மேல் சொட்டியிருக்கும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அமிலம் மிச்சமிருக்கும் இடம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவவேண்டும்.

அடுத்தது உயிர் காக்கும் சோதனை. ஸ்விங் ஆர்ம், நடு ஸ்டாண்டு பற்றியிருக்கும் இடம், கால் மிதியின் தாங்கி, முன்கழுத்துப் பகுதி ஆகியவற்றைச் சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கிண்ணென்று ஒலிக்கும். உள்ளே இற்றுப்போனது சட்டியைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். சந்தேகப்படும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை அழுத்துங்கள். துளை விழுந்தால் அந்த ஸ்விங் ஆர்மை மாற்றிவிடுவதே நல்லது. பழைய உதிரிபாகக் கடைகளில் இந்த மோட்டாருக்குப் பாகம் கிடைக்காத நிலை இல்லை. துளையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பளபளவென்று சாயம் பூசி விற்கப்பட்ட மோட்டார்களை நான் பார்த்திருக்கிறேன். அது வாங்குபவரின் முதுகெலும்போடு விளையாடுவதாகும்.

இனி ஆசிட் விஷயம். வீட்டிலும் கடையிலும் கிடைப்பவற்றில் நான் சிபாரிசு செய்வது சிட்ரிக் அமிலம். கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் போதும். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய பாகத்தை அதில் மூழ்கவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷால் தேய்த்துப் பார்த்து, கனத்த துருவானால் ஓர் இரவு வரை விடலாம். அதற்கு மேல் விட்டால் அமிலம் துருவை முடித்துவிட்டு நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிறோமே, அதில் வேலை செய்யும் டார்டாரிக் அமிலமும் இதே குணம் உடையதுதான். சிறிய நட்டுகளைப் புளிக் கரைசலில் போட்டு எடுப்பதும் பலன் தரும், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். சமையல் வினிகரும் அப்படியே.

கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மட்டும் கொட்டகைக்குள் கொண்டுவராதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இளவயதில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தபோது, அவசரத்தில் அந்த ஆசிட்டை ஒரு வாளியில் ஊற்றி, பிரேக் கட்டையின் ஸ்பிரிங்குகள் உட்பட கையில் கிடைத்த சிறு பாகங்களையெல்லாம் அதில் போட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் ஸ்பிரிங்குகள் வெள்ளியைப்போல் மின்னின. ஆனால் எதிர்ச்சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் அனைத்தும், அவற்றை நான் தொடக்கூட இல்லை, ஆசிட்டின் ஆவி பட்டே செம்பழுப்பாக மாறியிருந்தன. அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மின்னிய ஸ்பிரிங்குகளைப் பூட்டி ஓட்டிய மூன்றாம் நாள், ஒன்று இரண்டாக ஒடிந்து, பிரேக் கட்டை டிரம்மில் ஒட்டிக்கொண்டு, சக்கரம் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறி நின்றது.

காரணம் பின்னால்தான் விளங்கியது. அமிலம் இரும்போடு சேரும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. அதில் ஒரு பகுதி இரும்பின் உள்ளேயே புகுந்துவிடுகிறது. மென்மையான சாதாரண இரும்புக்கு இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் ஸ்பிரிங், சங்கிலி, தலையில் 10.9 அல்லது 12.9 என்று எண் பொறித்த போல்ட் போன்ற கடினமாக்கப்பட்ட உருக்கு, புகுந்த ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மை பெற்று, இழுவிசை ஏறியதும் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ முன்னறிவிப்பின்றி ஒடியும். எனவே இந்தப் பாகங்களை எந்த ஆசிட்டிலும் போடக்கூடாது. கம்பி பிரஷும் மண்ணெண்ணெயும்தான் இவற்றுக்கு. துருப்பிடித்துக் கணுக்கள் மடங்காமல் நிற்கும் சங்கிலியை மீட்க முயலாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.

சலவை சோடா கரைத்த நீரில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் கொண்டு மின்சாரம் செலுத்தித் துரு எடுக்கும் முறையும் உண்டு. கேரியர் போல வளைவு நெளிவு மிகுந்த பாகத்துக்கு அது அருமையான முறை. துருப்பிடித்த பாகம் எதிர் முனையிலும், வேண்டாத ஓர் இரும்புத் துண்டு நேர் முனையிலும் இருக்கவேண்டும். மாற்றிக் கொடுத்தால் உங்கள் கேரியர்தான் கரையும். நேர் முனையில் எவர்சில்வரைக் கட்டாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கலக்கும். இதிலும் ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யவேண்டும். ஸ்பிரிங்குக்கு இதுவும் ஆகாது. அலுமினியத்தை இந்தக் கரைசலில் போட்டால் அது கறுத்து அரித்துப்போகும்.

நட்டு போல்ட்டுகளில் வெள்ளை மாவு பூத்திருந்தால் அதைத் துரு என்று எண்ணவேண்டாம். அது துத்தநாகப் பூச்சு தன்னைத் தேய்த்துக்கொண்டு இரும்பைக் காப்பதன் அடையாளம். அமிலத்தில் போட்டால் அந்தப் பூச்சு முழுவதும் போய், மறுவாரமே போல்ட் சிவக்கும்.

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு மணி நேரம். காற்றில் ஈரப்பதம் அறுபது விழுக்காட்டைத் தாண்டினாலே வெற்று இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். நம் ஊரில் எண்பது என்பது அன்றாட நிலை. அமிலத்திலிருந்து எடுத்த சாம்பல் நிற இரும்பு, கண்முன்னாலேயே சில நிமிடங்களில் மஞ்சளாகிவிடும். ஆகவே எடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வரிசையாகத் தயார் செய்து வையுங்கள்: ஆப்ப சோடா கரைத்த வாளி ஒன்று, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஒன்று, உலர்ந்த துணி, மேசை விசிறி. சோடா நீரில் முக்கி அமிலத்தை அடக்கி, வெந்நீரில் அலசினால், இரும்பு ஏற்றுக்கொண்ட சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகிவிடும். குளிர்ந்த நீரில் அலசுபவர்களுக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. காய்ந்ததும் சாயம் பூசப்போகும் பாகத்துக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியை மெல்லிதாகத் தடவுங்கள். அது மிச்சமிருக்கும் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றி, அடிப்பூச்சான பிரைமர் பற்றிக்கொள்ள நல்ல தளம் அமைக்கும். டானிக் அமிலம் கலந்த வகை துருவைக் கருநீலமாக மாற்றும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சிய அதே வித்தைதான். சாயம் பூசாத பாகமானால் உடனே எண்ணெய் தடவிவிடுங்கள்.

குரோம் ரிம்முக்கு இவை எதுவும் வேண்டாம். பளபளப்பைத் தருகிற குரோம் அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான கனமுடையது. துருவைத் தடுப்பது அதற்கு அடியிலுள்ள நிக்கல். உப்புத்தாள் பட்டால் இரண்டும் போயிற்று. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. பழுப்பு நிறச் சேறு கிளம்பி, துருப்புள்ளிகள் பெரும்பாலும் மறையும். துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். ஆனால் ரிம்மின் உண்மை நிலை வெளிப்புறத்தில் தெரியாது. டயரையும், ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் ரப்பர் பட்டையையும் கழற்றிப் பார்த்தால், 36 துளைகளையும் சுற்றித் தண்ணீர் தேங்கித் துரு செதில் செதிலாக நிற்கும். அந்தச் செதில்தான் காரணம் தெரியாமல் டியூப்பைக் கிழித்துக்கொண்டே இருக்கும். சுரண்டிய பிறகு துளையின் விளிம்பு மெலிந்திருந்தால் ரிம்மை மாற்றவேண்டும். ஸ்போக்கின் வளைந்த கழுத்தில் குழி விழுந்திருந்தாலும் அப்படித்தான். ஒன்றிரண்டை மட்டும் மாற்றாமல் முழு செட்டாக மாற்றுவது நல்லது.

சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பும் எஞ்சின் மூடியும் அலுமினியக் கலவையால் ஆனவை. அவற்றை இரும்புக் கம்பி பிரஷால் தேய்த்தால் இரும்புத் துகள்கள் உள்ளே பதிந்து, பிறகு அலுமினியத்தின் மேலேயே துருப்புள்ளி தோன்றும். பித்தளை அல்லது நைலான் பிரஷ் போதும். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளேயிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவேண்டாம். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

எஞ்சின் மூடியின் ஸ்க்ரூக்கள் இறுகியிருக்கும். ஜப்பானிய மோட்டார்களின் சிலுவைத் தலை ஸ்க்ரூ, ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டது. வழக்கமான பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையை உருட்டிவிடும். சரியான முனையை வாங்கி, ஊடுருவும் எண்ணெயை முதல்நாள் மாலையே விட்டுவைத்து, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைக் கொண்டு கழற்றுங்கள்.

முன் ஃபோர்க் குழாயில் ரப்பர் சீல் ஏறி இறங்கும் பகுதியைத் தனியாகப் பாருங்கள். அங்கே நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால், புது சீல் போட்டும் எண்ணெய் கசியும். சீல் தொடாத மேற்பகுதியில் இருந்தால் துடைத்து எண்ணெய் தடவிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

டாங்கி இந்த மோட்டாரில் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், உள்ளே புகுந்த தண்ணீரெல்லாம் அடிமூலையில் தங்கி அங்கேதான் துரு முதிரும். பெட்ரோலைத் திறந்த வெளியில் வடித்து, பெட்ரோல் அளவு காட்டும் மிதவையையும் குழாயையும் கழற்றி, சோப்பு நீரால் ஆவி போகும்வரை அலசுங்கள். பிறகு பழைய சங்கிலித் துண்டு ஒன்றையும் சிட்ரிக் கரைசலையும் உள்ளே போட்டு, அவ்வப்போது திசை மாற்றிக் குலுக்கி, ஓர் இரவு வைத்திருங்கள். அதை வெளியே ஊற்றியதும் ஆப்ப சோடா கரைத்த நீர், பிறகு வெந்நீர், அதன்பின் மீதித் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போக மெத்திலேட்டட் ஸ்பிரிட். ஸ்பிரிட் ஊற்றிய டாங்கியை முடி உலர்த்தும் கருவியால் காயவைக்க முனையாதீர்கள், தீப்பிடிக்கும், வெயில் போதும். காய்ந்தவுடன் சிறிது 2டி எண்ணெய் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது) கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றவேண்டும். ஊசித்துளை தெரிந்தால் வெல்டிங் கடைக்குக் கொண்டு போகவேண்டாம். காலி டாங்கியில் தங்கிய ஆவி, நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது.

எக்சோஸ் குழாய் உள்ளிருந்து வெளியே துருப்பிடிப்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. தூரப் பயணத்தில் அது ஆவியாக வெளியேறிவிடும். வீட்டிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து கடைக்குமாகக் குறுந்தூரமே ஓடிய மோட்டாரில், குழாய் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால் தண்ணீர் உள்ளேயே தங்கும். அடியிலுள்ள சிறு வடிகால் துளை அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். வெளிப்புறத்துக்கு 600 பாகை தாங்கும் சாயத்தை மெல்லிய பூச்சாக அடித்து, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுவதை மூன்று முறை செய்தால்தான் அது இறுகும்.

சட்டத்துக்குச் சாயம் பூசுவதில் நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்கு இரும்பு இரவுக் குளிர்ச்சியிலேயே இருக்கும். காற்றின் ஈரம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் வேர்க்கும். காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை வெப்பத்தைவிட இரும்பு குறைந்தது 3 பாகையாவது கூடுதல் சூட்டில் இருக்கவேண்டும் என்பது தொழில்முறை விதி. நம் பக்கத்தில் காலை பதினொரு மணிக்கு மேல் தொடங்கி, மாலை மழை கூடுவதற்குள் முடித்துவிடுவது சரிப்படும். எப்பாக்சி பிரைமரை இரண்டு பூச்சு அடித்து, அதன்மேல் சாயம். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் சாயத்தில் ஐசோசயனேட் உண்டு, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அந்தப் பூச்சை மட்டும் உரிய வசதியுள்ள கடையில் கொடுத்துவிடுங்கள். மணல் வீசித் துரு எடுக்கும் கடையில் கொடுப்பதானால், சட்ட எண் பொறித்த இடத்தைக் கனத்த நாடாவால் மூடிக் கொடுங்கள். அந்த எண் தேய்ந்து, வண்டியின் பதிவுச் சான்றான கெரானில் உள்ளதோடு ஒப்பிட முடியாமல் போனால், எவ்வளவு அழகாக மீட்டெடுத்த மோட்டாரும் பெயர் மாற்றும்போது சிக்கிக்கொள்ளும்.

பழைய எஞ்சின் எண்ணெயைச் சட்டத்தின் உட்புறம் ஊற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. பலன் இல்லாமல் இல்லை; ஆனால் அது வடிந்து ரப்பரை ஊதவைக்கும், பின்பிரேக்கிலும் இறங்கும். உட்புறத்துக்கென்றே விற்கும் மெழுகை நீண்ட குழாய் வைத்துத் தெளிப்பது மேல். தெளித்த பின் கீழேயுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட மறக்கவேண்டாம். கடைசியாக ஸ்விங் ஆர்மைச் சட்டத்தோடு இணைக்கும் ஊடச்சைப் பூட்டும்போது, நீளம் முழுவதும் கிரீஸைத் தடவிச் சொருகுங்கள். உங்கள் மாமாவின் மோட்டாரில் அது எத்தனை ஆண்டு உலர்ந்து கிடந்தது என்பதை, அதைக் கழற்றுவதற்கு நீங்கள் அடிக்கப்போகும் சுத்தியல் அடிகளின் எண்ணிக்கையே சொல்லிவிடும்.